ஏழு நாள் பச்சை

உலகத்தில் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பார் கழுகுக்கண்ணர். டிவி ரிமோட்டைக் கூட. காலை ஆறிலிருந்து ஏழு வரை தூங்கும் தூக்கத்தை மட்டும் விட மாட்டார். அந்தத் தூக்கத்துக்கு ஒரு வியாழக்கிழமை ஆபத்து வந்தது.

"என்னங்க, பக்கத்துத் தெருவுல நீச்சல் கத்துத் தர்றாங்க. காலையில ஆறுலேர்ந்து ஏழு. நான் சேரலாம்னு இருக்கேன். அந்த ஒரு மணி நேரம் கிச்சனை நீங்க பார்த்துக்குங்க" என்றாள் மனைவி.

"பார்த்துக்க மாட்டேன்னா சொல்றேன்? எனக்குக் கை வராதே."

"கடையில நாள் முழுக்கக் கலக்குறது யாரோட கை?"

"அது பெயின்ட்."

"இது காலைச் சாப்பாடு. காயுறதுக்கு ஆறு மணி நேரம்கூட ஆகாது."

அவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பதினாறு வருஷமாக அந்த ஒரு மணி நேரம் அவள் நிற்கிறாள், அவர் படுத்திருக்கிறார். இதில் கை வராதது யாருக்கு, கால் வலிப்பது யாருக்கு என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவளும் அன்றைக்கு மேற்கொண்டு வாதாடவில்லை. அவர் பயந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை அவருக்கு. சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, "மஞ்சள் ரெண்டு சொட்டு, கறுப்பு அரைச் சொட்டு, மிச்சம் வெள்ளை" என்று சொல்லிவிடுவார். வெள்ளையில் மட்டும் பதினேழு வகை தெரியும். கழுகுக்கண்ணர் என்ற பட்டமே கடையில் கொடுத்ததுதான்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. அதற்குள் ஒரு பச்சை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். மழை விட்டதும் வெயில் பட்ட புல்லின் நிறம். குடித்தால் அன்னாசி, வாழைப்பழம், தித்திப்பு, ஜில்லிப்பு. பச்சைக்கு மட்டும் ருசியே இல்லை.

"என்ன இது?"

"ஸ்மூத்தி."

"பச்சை எங்கேருந்து வந்துச்சு?"

"நிறத்துக்கு ராஜா நீங்கதானே. சொல்லுங்க."

"பச்சைத் திராட்சை."

"இல்ல."

"கலர் பொடி போட்டிருப்பே."

"கடை புத்தி போகுதா பாரு."

அவருக்குச் சுருக்கென்றது. "ஒரு வாரம் டைம் குடு. கண்டுபிடிச்சுக் காட்டுறேன். காட்டிட்டா, அந்த ஆறு மணி விஷயத்தை நீ மறுபடி என்கிட்ட கேக்கவே கூடாது."

"சத்தியமா கேக்க மாட்டேன். தோத்துட்டீங்கன்னா?"

"கிச்சன் என் பொறுப்பு. போதுமா?"

"போதும். ஆனா கடைக்குக் கிளம்புற அவசரத்துல சோதனை எல்லாம் சரிவராது. காலையில ஆறுலேர்ந்து ஏழு கிச்சனை எடுத்துக்குங்க. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவீங்க, அப்புறம் என்ன பந்தயம்? அப்புறம், வெறும் வயித்துல குடிச்சா பொண்ணுக்கு ஒத்துக்காது. கூடவே நாலு முட்டை அவிச்சு, ரொட்டியைச் சுட்டு வெச்சுடுங்க."

நியாயமாகத்தான் பட்டது.

முதல் நாள் பச்சை ஆப்பிள். மிக்ஸி மூடியைத் திறப்பதற்குள் பழுப்பாகிவிட்டது. "அப்பா, இது நம்ம பழைய கதவோட கலர்" என்றாள் மகள். இரண்டாம் நாள் கிவி. வெளிறிப்போய், நடுவில் கறுப்புப் புள்ளிகள். மூன்றாம் நாள் வெள்ளரி. மகள் முகர்ந்து பார்த்து, "இதைக் குடிக்கணுமா, மூஞ்சில தடவிக்கணுமா?" என்றாள். நான்காம் நாள் புதினா. நிறம் கிட்டே வந்தது. ருசி பல் விளக்கப் போய்விட்டது. ஐந்தாம் நாள் இந்த நான்கையும் சேர்த்து அரைத்தார். மகள் ஒரு வாய் குடித்தாள். எழுந்து போய் வாய் கொப்பளித்தாள்.

ஐந்தாம் நாளே அலாரத்துக்கு முன்னால் அவருக்கு விழிப்பு வந்துவிட்டது. முந்தைய நாள் மிச்சம் ஒட்டியிருந்தால் நிறம் கெடும் என்று ஜாரைத் தானே தேய்த்துக் கழுவினார். கத்தியையும் கழுவினார். மேடையைத் துடைத்தார். மிக்ஸி போடும் சத்தத்தில் வாசற்கதவு திறப்பதும் மூடுவதும் அவர் காதில் விழவில்லை. ஏழே காலுக்கு மனைவி ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்து முட்டையை உரிப்பாள். அவளிடமிருந்து லேசாகக் குளோரின் வாசனை வரும். பாத்ரூம் கழுவியிருப்பாள், பாவம், சும்மா இருக்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொள்வார். வெள்ளையில் பதினேழு வகை தெரிந்த கண் அது.

ஆறாம் நாள் காலையிலும் தோல்வி. கடையில் ஒரு வாளி வெள்ளைக்கு இரண்டு சொட்டுப் பச்சை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தபோது அவர் கை நின்றது. பழமெல்லாம் வாளி. இத்தனை நாளும் வாளியிலேயே நிறத்தைத் தேடியிருக்கிறார். சொட்டு எது? ஒரு கைப்பிடி போட்டால் ஜாரையே மாற்றிவிடுகிற அளவுக்கு அழுத்தமான பச்சை எது?

எதிரே காய்கறிக் கடையில் பசலைக்கீரை கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து கீரையைத் தட்டில் அண்டவிட்டதில்லை அவர். அது ஆடு தின்பது என்பது அவர் கட்சி. இருந்தாலும் தெரிந்தாக வேண்டுமே. தெருவைக் கடந்து போய் ஒரு கட்டு கேட்டார்.

"என்ன சார், நீங்க கீரையா?" என்றாள் காய்கறிக்காரி.

"வீட்ல ஆடு வாங்கியிருக்கோம்."

ஏழாம் நாள் கீரையை முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மைய அரைத்தார். அப்புறம் வாழைப்பழம், அன்னாசி, ஐஸ்கட்டி. டம்ளரை ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார். அதே புல், அதே வெயில். குடித்தார். அதே ருசி. ஜெயித்துவிட்டோம் என்று குதிப்பதா, ஒரு டம்ளர் கீரையை ஆசையாகக் குடித்திருக்கிறோம் என்று அழுவதா என்று தெரியாமல் இன்னொரு வாய் குடித்தார்.

மகள் முழு டம்ளரையும் காலி செய்துவிட்டு, "அப்பா, நாளைக்கும் இதே" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்பினாள். பின்னாலேயே மனைவி வந்தாள். தோளில் துண்டு.

"பசலைக்கீரை" என்றார், திருட்டை ஒப்புக்கொள்கிறவர் குரலில்.

"சரியா சொன்னீங்க. நீங்கதான் ஜெயிச்சீங்க."

"அப்போ அந்த ஒரு மணி நேரம்..."

"நான் கேக்கவே மாட்டேன். கேட்டாத்தான் கிடைக்கும்னு நினைச்சுட்டிருந்தேன், அதுதான் தப்பு." துண்டுக்குள்ளிருந்து நீச்சல் கண்ணாடியை எடுத்து நாற்காலி முதுகில் மாட்டினாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. "இன்னிக்கு ஏழாவது வகுப்பு. பிடியை விட்டுட்டு மிதக்குறேன்."

அவர் நீச்சல் கண்ணாடியைப் பார்த்தார். கழுவிக் கவிழ்த்த ஜாரைப் பார்த்தார். தான் அவித்த முட்டையின் ஓடுகளைப் பார்த்தார்.

"நாளையிலேர்ந்து நான் ஏழு மணிக்குத்தான் எழுந்திருப்பேன்."

"தாராளமா தூங்குங்க. பந்தயம்னா பந்தயம்தான்."

சொல்லிவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து, முந்தின நாள் சாயங்காலம் கலக்கி மூடி வைத்திருந்த ஒரு டம்ளரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஊதா. பார்ப்பதில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு கண் மட்டும் திரும்பவில்லை. பீட்ரூட் இல்லை, பீட்ரூட்டில் சிவப்பு தூக்கும். கறுப்புத் திராட்சையும் இல்லை.

"இதுல என்ன இருக்கு?"

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே போனாள். அவர் அலாரத்தை எடுத்து ஐந்தே முக்காலுக்கு வைத்தார்.