அப்ஜெக்‌ஷன் வீட்டு விருந்தாளி

அஸ்தினாபுரத்திலிருந்து மறைமலை நகர் வரை சல்லடை போட்டுத் தேடினாலும், தன்னைத் திட்டி ஒட்டிய நோட்டீசுக்குத் தானே பசை தடவிய மனிதரை நீங்கள் பார்க்க முடியாது. அப்படி ஒருவர் எங்கள் அடுக்ககத்தின் முதல் மாடியில் தனியாக இருந்தார். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அசோசியேஷன் கூட்டத்தில் எந்தத் தீர்மானம் வந்தாலும் முதல் கை அவருடையதுதான், மறுக்க. அதனால் அப்ஜெக்‌ஷன் என்றே பெயர்.

கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை அவரை 'வேலையற்ற கிழம்' என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். செயலாளர் என்ற முறையில் நான் கிழித்தேன். சண்டைக்கு வந்தவர் அப்ஜெக்‌ஷன்.

"ஏன் சார் கிழிச்சீங்க?"

"உங்களைத்தானே திட்டியிருக்கான்!"

"திட்டட்டும். பதில் எழுத எனக்குக் கை இல்லையா? அந்தத் துண்டையெல்லாம் குடுங்க."

ஏழு துண்டு. ஏழையும் பசை தடவிச் சேர்த்து மறுபடி ஒட்டினார். பக்கத்திலேயே மூன்று பக்கத்துக்குத் தன் பதில்.

இப்படிப்பட்டவர் வீட்டில் போன மழைக்காலத்தில் ஏதோ சரியில்லை. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. மொட்டை மாடிக் கொடியில் நான்கு சட்டை; அதில் இரண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு அப்ஜெக்‌ஷன் நுழையும் அளவு. தனி ஆளுக்குத் தினமும் பத்து பக்கெட் தண்ணீர் எதற்கு? கள்ளநோட்டா, வெடிகுண்டா? ஒன்பது நாள் கண்காணித்தேன். பத்தாம் நாள் கதவைத் தட்டினேன்.

"உள்ளே யாரு?"

"எழுத்தாளர். வாங்க, காபி சாப்பிடலாம்."

உள்ளே முப்பது வயதில் ஒரு குண்டுப் பையன். தன் ஊரில் சுடுகாட்டுப் பாதையை மறித்தவர்களைப் பற்றிக் கதை எழுதினானாம். அவர்கள் வீடு புகுந்து எழுதி வைத்ததையெல்லாம் கொளுத்தி, இனி ஊரில் கண்டால் கையை வெட்டுவோம் என்றார்களாம். அவன் இவருக்குச் சொந்தமோ பழக்கமோ இல்லை. பேப்பரில் செய்தி பார்த்து அப்ஜெக்‌ஷன் தானே போய் அழைத்து வந்திருக்கிறார்.

"அனுமதியில்லாம ஆள் தங்கக் கூடாது. ஒரு வாரம் டைம்" என்றேன்.

"அப்ஜெக்‌ஷன்" என்றார்.

ஆறாம் நாள் காலை என்னிடம் ஐந்து தாள்களை நீட்டினார். "தம்பி உங்களைப் பத்தி எழுதியிருக்கார் சார். படிங்க. கோவம் வந்தா பதில் சொல்லுங்க, நானே டைப் அடிச்சுத் தரேன்."

பக்கத்து வீட்டுச் செருப்புகளை எண்ணியே ஆயுளைக் கழிக்கும் ஒரு கிழவர் கதை. 'மோப்பம்' என்ற சொல் மட்டும் ஆறு இடத்தில்! இன்றே வெளியேற்றுகிறேன் என்று, வாட்ச்மேனைக் கூப்பிடத் தாள்களோடு கேட்டுக்கு ஓடினேன்.

கேட்டில் ஒரு வெள்ளைக் கார். நான்கு பேர். பின் சீட்டில் இரண்டு உருட்டுக்கட்டை.

"பெருசு, இங்க புச்சா எவனாச்சும் தங்கிகினு கீறானா? கதை எழுதறவன். குண்டா இருப்பான்."

"எதுக்கு?"

"சும்மா, பேசத்தான். கையில இன்னா பேப்பரு?"

"தண்ணி லாரிக் கணக்கு" என்றேன். "எட்டு வீடு, இருபத்தோரு பேர். ஒருத்தர் கூடினாலும் எனக்குத் தெரியாம இருக்காது. அப்படி யாரும் இல்லை."

ஒருவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "வுட்றா, கணக்குப் புள்ள" என்றான் இன்னொருவன். கார் மெயின் ரோட்டில் திரும்பும்வரை நின்றேன். பிறகு இருபத்திரண்டு படி, ஏறியதே தெரியவில்லை.

"கதவைத் தாழ் போடுங்க. வந்துட்டாங்க, போயிட்டாங்க" என்றேன். மூச்சு வாங்கியது. "ஆனா அதென்ன மோப்பம்? கண்ணாலதானே பார்த்தேன்!"

பையன் வெளிறிப் போயிருந்தான். "சார், அந்தக் கதையை வேணும்னா கிழிச்சிடறேன்."

"கிழிச்சா தெரியும் சேதி! நான் பதில் எழுதணும். அதுவரைக்கும் நீ இங்கேதான் இருக்கணும்."

என் பதில் இன்னும் முதல் பத்தியைத் தாண்டவில்லை. பையன் இன்னும் முதல் மாடியில்தான் இருக்கிறான்.

அன்று அப்ஜெக்‌ஷன் எதையும் மறுக்கவில்லை. வந்து என் தோளில் கை வைத்தார். யாரும் என்னைத் தொடுவது எனக்குப் பிடிக்காது. அவர் தானாகக் கையை எடுக்கும்வரை நான் அசையவில்லை.