வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியது தாங்கள்தான்

ஜொன்ஜு நகரம்,
சந்திரப் புத்தாண்டு கழிந்த இரண்டாம் வாரம்.

நாஜு பேரிக்காய்த் தோட்டத்து உரிமையாளர், பெருமதிப்பிற்குரிய சம்பந்தி குவாக் மன்-சூ அவர்களின் சமூகத்துக்கு, நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பியோன் இன்-சிக் தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது.

இந்தக் கடுங்குளிரிலும் தாங்களும் தங்கள் இல்லத்தரசியாரும் மாப்பிள்ளை தோங்-ஹாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தோட்டத்தில் கவாத்து வேலை நல்லபடியாக நடக்கிறதா? தங்கள் நெற்றிக் கீறல் ஆறிவிட்டதா? கோட்டில் கொட்டிய மாட்டு விலா சூப்பின் கறை போகவில்லை என்றால் வெந்நீரில் போட வேண்டாம், பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும் என்று என் மனைவி சொல்கிறாள். இவற்றைத் தவிர மற்றபடி எல்லாம் நலம் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் எனக்கு நலம் ஏது சம்பந்தி? ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் மகள் ஹே-ஜூ என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். ஒரே பெண், ஒரே கல்யாணம், அதை அவளைப் பெற்ற அப்பனே நடு ஹாலில் வைத்துக் குலைத்துவிட்டேனே என்று நினைத்து, அவள் போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்துவிடுகிறேன்.

நடந்ததற்கு விளக்கம் சொல்வது என் கடமை. எங்கள் முற்றத்தில் ஒரு பெர்சிமன் மரம் இருக்கிறது. அன்றைக்கு இருந்த களேபரத்தில் தாங்கள் பார்த்தீர்களோ என்னவோ. பழம் பறிக்கும்போது உச்சிக் கிளையில் நாலைந்தைக் கறுப்பு வெள்ளைக் கச்சிப் பறவைகளுக்கென்று விட்டுவைப்பது நம் நாட்டில் எல்லா வீட்டிலும் செய்வதுதானே, நானும் விட்டுவைத்தேன். போன இலையுதிர் காலத்தில் ஒரு காலை, ஒரு கச்சி அந்த மரத்தில் வந்து உட்கார்ந்து, நீள வாலை ஆட்டி ஆட்டிக் கத்து கத்து என்று கத்தியது. வாசலில் கச்சி கத்தினால் நல்ல விருந்தாளி வருவார் என்று குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு மத்தியானமே ஹே-ஜூ தங்கள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, "அப்பா, இவரைத்தான் கட்டிக்கப் போறேன்" என்றாள். இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன சாட்சி வேண்டும்? ஆகவே, இரண்டு குடும்பமும் முறைப்படி முகம் பார்க்கும் விருந்துக்கு நாள் குறித்ததும் நான் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டேன், விருந்து வீட்டில்தான் என்று. என் மனைவி கேட்கவே இல்லை.

"ஏங்க, ஊர் உலகத்துல எல்லாரும் நல்ல ஹோட்டல்ல தனி ரூம் எடுத்து, பத்துத் தட்டு வரவழைச்சுச் சாப்பிட்டு, கும்பிட்டுட்டுப் போறாங்க. நமக்கு மட்டும் என்ன வீம்பு?"

"ஹோட்டல்ல கச்சி கத்துமா?"

"கத்தலேன்னா கல்யாணம் நடக்காதாக்கும்?"

"நடக்கும்டி. ஆனா சம்பந்தி கேட்டுக்குள்ள காலெடுத்து வைக்கிறப்போ அது கத்துச்சுன்னா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு!"

"அதுக்கு நீங்க சம்பளம் குடுத்து வச்சிருக்கீங்களா, சொன்ன நேரத்துக்கு வந்து கத்த?" என்றாள். அவள் கேலியாகச் சொன்னது எனக்கு யோசனையாகிவிட்டது. அங்கேதான் சனி பிடித்தது.

உச்சிக் கிளைப் பழங்களை முதல் பனி விழுவதற்குள் கொண்டைக்குருவிகள் காலி செய்துவிட்டிருந்தன. கடைக்குப் போய்த் தினை, உடைத்த வேர்க்கடலை, பன்றிக் கொழுப்பு எல்லாம் வாங்கி வந்தேன். பூண்டு வரும் வலைப்பையில் கொழுப்பை அடைத்துக் கிளையில் கட்டினேன். முதலில் பட்டாணிக்குருவிகள் வந்தன, சிட்டுக்குருவிகள் வந்தன, பார்க்க அழகாகத்தான் இருந்தது, என் மனைவிகூட ஜன்னலோரம் நின்று ரசித்தாள். பிறகு கச்சி ஜோடி ஒன்று வந்தது. நான் தீனி வைக்கும்போதெல்லாம் ஒரு வெண்கலக் கிண்ணத்தைக் கரண்டியால் டிங் டிங் என்று தட்டுவேன். மாதம் முடிவதற்குள் அந்த ஜோடிக்குப் பழகிவிட்டது. தட்டினால் எங்கிருந்தாலும் வந்துவிடும், வந்ததும் கத்தும். சம்பந்தி கார் வந்து நிற்கும், நான் மதில் பின்னால் நின்று டிங் டிங், மரத்தில் கச்சி, தங்கள் முகத்தில் சிரிப்பு! இதுதான் திட்டம். என் சர்வீஸில் ஒரு நாள்கூட பஸ்ஸை லேட்டாக எடுத்தவன் இல்லை நான், நேரம் எனக்கு அத்துப்படி. ஆனால் புத்தாண்டை ஒட்டி முழங்கால் வரை பனி கொட்டி முற்றமே மூடிவிட்டது. கீழே வைத்த தீனி பனியில் புதைந்து போனது. பாவம் பட்டினி கிடக்குமே என்று ஹாலின் கண்ணாடிக் கதவைத் திறந்து, மரத்தரையின் ஓரத்தில் வைத்துத் தட்டினேன். உள்ளே வந்து தின்றன. குளிர் காலத்தில் தீனி இருக்கும் இடம் ஊருக்கே தெரிந்துவிடும் போலிருக்கிறது. அந்த ஜோடி தன் அண்ணன், தம்பி, மாமன், மச்சான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தது. நான் ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை. நல்ல சகுனம் ஒன்று இருப்பதைவிட ஐம்பது இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று இருந்துவிட்டேன்.

தாங்கள் வந்து இறங்கியபோது ஒரு கச்சியும் கத்தவில்லை, கவனித்திருப்பீர்கள். காரணம், என் மனைவி அந்த வெண்கலக் கிண்ணத்தை எடுத்து, மற்ற வெண்கலப் பாத்திரங்களோடு சேர்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, தங்களுக்கு சூப் ஊற்றுவதற்கு வைத்துவிட்டாள். "உங்க கிறுக்குக்கெல்லாம் இன்னிக்கு லீவு" என்று சொல்லிவிட்டாள். நானும் மனதைத் தேற்றிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். நாஜுக்காரர்களுக்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் புளிக்க வைத்த திருக்கை மீன் இல்லாமல் முடியுமா? தங்களுக்கென்றே நன்றாக ஊறியதாகத் தேடிப்பிடித்து வாங்கியிருந்தேன். தாங்கள் ஒரு துண்டு வாயில் போட்டுக் கண்ணை மூடி, "ஆகா, உச்சந்தலைக்கு ஏறுது!" என்றீர்கள். அது எனக்குக் கிடைத்த ஒரே நல்ல நிமிஷம். ஆனால் அந்த மீனின் நெடி ஹே-ஜூவின் கண்ணுக்கும் ஏறிவிட்டது. "அப்பா, மூச்சு முட்டுது" என்று அவள் எழுந்து போய்க் கண்ணாடிக் கதவை நன்றாகத் திறந்துவிட்டாள். அப்போதுதான் சம்பந்தி, தாங்கள் சூப் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தீர்கள். "இந்தக் காலத்துல இப்படி அசல் வெண்கலம் எங்க கிடைக்குது! சத்தத்தக் கேளுங்க" என்று கரண்டியை எடுத்தீர்கள். "ஐயோ வேண்டாம்!" என்று நான் வாயைத் திறப்பதற்குள் டிங் டிங் என்று தட்டிவிட்டீர்கள். குற்றம் சொல்வதாக நினைக்கக் கூடாது. ஆனால் நியாயமாகப் பார்த்தால் அவற்றைக் கூப்பிட்டது தாங்கள்தான்.

அதன்பிறகு நடந்ததை என்னவென்று எழுதுவது! நான் பார்த்துப் பார்த்துத் தீனி போட்ட பறவைகள், ஒன்று விடாமல், சோற்றுப் பானை மேல், விலா சூப் மேல், தங்கள் இல்லத்தரசியாரின் மடி மேல்! இறக்கையடியில் சோளமாவு நூடுல்ஸ் கூரை வரைக்கும் போனது. ஒரு கச்சி திருக்கைத் துண்டைக் கவ்விவிட்டுத் தலையை உதறியது பாருங்கள், அந்தத் துண்டு நேரே வந்து என் மூக்குக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஆகவே அடுத்ததை நான் பார்க்கவில்லை, கேட்கத்தான் செய்தேன். "ஹோய்! ஹோய்! ஹோய்!" என்று வீடே அதிர ஒரு சத்தம். யாரோ வெளியாள் புகுந்துவிட்டான் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால் தாங்கள் சாப்பாட்டு மேஜை மேல் ஏறி நின்று, உட்கார்ந்திருந்த திண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"சம்பந்தி, இறங்குங்க! நல்ல சகுனம் அது, அடிக்காதீங்க!" என்று நான் கத்தினேன்.

"சகுனமா? இந்தத் திருட்டுக் கழுதைங்களா? நாப்பது வருஷமா என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிற ஜென்மங்கய்யா இது! வலை கட்டியாச்சு, வெடி வெச்சாச்சு, ராத்தூக்கம் கெட்டாச்சு. நீரு என்னடான்னா ஹால்ல உட்கார வெச்சு விருந்து போடுறீரு!"

பேரிக்காய்த் தோட்டம் என்று தெரியும் சம்பந்தி. ஆனால் பேரிக்காய்க்கும் கச்சிக்கும் நடுவில் இப்படி ஒரு பகை என்று பஸ் ஓட்டினவனுக்கு எப்படித் தெரியும்? என் பஸ்ஸில் கச்சி ஏறினதில்லையே. அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை, "அப்பா, நம்ம பெட்டி!" என்று அலறினார். தாங்கள் மஞ்சள் பட்டுத் துணியில் முடிந்து கொண்டுவந்த பேரிக்காய்ப் பெட்டி! குளிர்கிடங்கில் தாங்களே கையால் பொறுக்கி எடுத்த காய்கள்! முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. ஒன்றையோ இரண்டையோ முழுசாகத் தின்றிருந்தால்கூட நான் வாயைத் திறக்க மாட்டேன். ஒவ்வொரு காயிலும் ஒரே ஒரு கொத்து. ஒன்றைக் கொத்திப் பார்த்துவிட்டு அடுத்தது, அதைக் கொத்திவிட்டு அடுத்தது. தாங்கள் மேஜையிலிருந்து இறங்கி, ஒரு காயைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றீர்களே, அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கோபம்கூட இல்லை அதில். தங்கள் இல்லத்தரசியார் சட்டையைப் பிடித்து இழுத்து, "விடுங்க, பறவைதானே" என்றார். தாங்கள் கேட்கவில்லை. "இந்த வீட்டுக்கும் எனக்கும் ஒத்து வராது. கெளம்புடா தோங்-ஹா" என்று ஷூவைக்கூடச் சரியாக மாட்டாமல் பனியில் இறங்கிவிட்டீர்கள். இடது கால் ஷூ என்னுடையது. தங்களுடையது பத்திரமாக இருக்கிறது.

சம்பந்தி, காலில் விழுந்து கேட்கிறேன். என் முட்டாள்தனத்துக்குப் பிள்ளைகளைத் தண்டிக்காதீர்கள். கொழுப்புப் பையை அவிழ்த்தாயிற்று. தினை மூட்டையைத் தெருக்கோடி வீட்டுக் கோழிகளுக்குக் கொடுத்தாயிற்று. இனி என் முற்றத்தில் ஒரு மணி விழாது, இது சத்தியம். தாங்கள் சொன்னால் பெர்சிமன் மரத்தின் உச்சிக் கிளையையும் வெட்டிவிடுகிறேன். தாங்கள் எந்த ஹோட்டலைச் சொன்னாலும் வருகிறேன், ஜன்னல் இல்லாத ஹோட்டலாக இருந்தாலும் சரி. என் பெண் நல்லவள், என்னைப் போல இல்லை. இந்த வசந்தத்தில் அந்தக் கல்யாணத்தை நடத்திக் கொடுங்கள்.

வரும் பருவத்தில் தங்கள் மரங்களில் கிளை தாங்காமல் காய்க்க வேண்டும், ஒரு காயிலும் ஒரு அலகும் படக் கூடாது என்று மனதார வேண்டிக்கொண்டு, இல்லத்தரசியாருக்கு என் பணிவையும் மாப்பிள்ளைக்கு என் ஆசியையும் தெரிவித்து முடிக்கிறேன்.

தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்,
பியோன் இன்-சிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டியாகிவிட்டது, கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன், அவசரத்தில் எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்பு ஒட்டும்போது ஹே-ஜூ வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"அப்பா, அந்த லெட்டரப் போடாதீங்க."

"போடாம? உன் கல்யாணம் நிக்கிதுடி!"

"நிக்காதுப்பா. போன நவம்பர்லயே வார்டு ஆபீஸ்ல பதிவு பண்ணியாச்சு. புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்குன்னு வாடகை வீடு குலுக்கல் போட்டாங்க, அதுக்குப் பதிவு வேணும்னாங்க. சொன்னா நீங்க ரெண்டு அப்பாவும் குதிப்பீங்கன்னு..."

சம்பந்தி, கொஞ்சம் உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நான் நின்றுகொண்டு கேட்டேன், அது தப்பு.

"பதியறதுக்கு ரெண்டு சாட்சி கையெழுத்து வேணுமே, எவன் போட்டான்?" என்றேன். சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது.

"ஒண்ணு அம்மா."

"இன்னொண்ணு?"

"அவரோட அம்மா."

என் மனைவியும் தங்கள் இல்லத்தரசியாரும்! எங்கள் வாசலில் இரண்டு பேரும் இடுப்பு வளையக் கும்பிட்டுக்கொண்டார்களே! "உங்களப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்று இவள் சொல்ல, "இப்பத்தான் வேளை வந்துச்சு" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாரே! மாதா மாதம் இரண்டு பேரும் சேர்ந்து வெந்நீர்க் குளியலுக்குப் போய் வருகிறார்களாம். இந்தக் குளிர்காலம் முழுக்க என் பெண்டாட்டி கைமணம் என்று நான் புகழ்ந்து புகழ்ந்து தின்ற கிம்ச்சி ஊறுகாய் தங்கள் கொல்லையில் போட்டதாம். அதை எப்படிக் கொண்டுவந்தாய் என்று கேட்டேன். "வெளியூர் பஸ் ஸ்டாண்டுலேருந்து உங்க பழைய பஸ் ரூட்டுலதான்" என்கிறாள்.

ஆகவே மேலே நான் கெஞ்சியிருப்பதையெல்லாம் அடித்துவிடவும்; நவம்பரிலிருந்தே நாம் சம்பந்திகள், தங்களால் இனி ஒன்றும் செய்ய முடியாது, என்னாலும் முடியாது. சூப்புக்கும் பேரிக்காய்க்கும் கேட்ட மன்னிப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. கிளையை வெட்ட மாட்டேன். சத்தியத்தையும் மீறிவிட்டேன். இன்று காலை மறுபடி பனி, மதில் மேல் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன, பழைய சோற்றை அள்ளி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் சம்பந்தி. இந்த வீட்டில் என்னிடம் சொல்லிவிட்டு வருகிறவை அவை மட்டும்தான்.