இரவல் வயிறு

தேத்தண்ணிக் கடைக்குள் அந்தப் போத்தலை எங்கே வைப்பதென்று குருசுமுத்துவுக்குப் பிடிபடவில்லை. சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார், மனம் கேட்கவில்லை. மாப்பேணிக்குப் பின்னால் வைத்தார், அதுவும் சரியாகப் படவில்லை. இத்தனைக்கும் போத்தல் புதிசு, வெறுமையானது, பெருவிரல் அளவுதான். அதன் மேல் ஒட்டியிருந்த துண்டில் அவருடைய பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

“என்ன ஐயா, இதுக்குள்ளையோ?”

“ஓம் அண்ணை. நாளைக்கு விடியக் கொண்டந்து தாங்கோ. கொஞ்சம் காணும்,” என்றார் ஜெகதீஸ். ஊரில் உள்ள சாப்பாட்டுக் கடைகளைச் சுகாதாரப் பரிசோதனை செய்கிற பி.எச்.ஐ. அவர்.

“தராட்டி?”

“தராட்டித் திருநாள் குசினிக்குள்ளை கால் வைக்கேலாது. சமைக்கிற ஆக்கள் எல்லாரின்ரையும் சோதிக்கோணுமெண்டு ஓடர். வயித்திலை பூச்சி இருந்தால் விழுங்கக் குளிசை. குளிசைக்குப் பிறகும் இருந்தால் வேறை ஆள்.”

வேறை ஆள் என்றதும் குருசுமுத்து போத்தலைச் சட்டென்று கையில் எடுத்தார். சண்டை நின்று இரண்டாவது வருசம் அது. அந்தோனியார் திருநாளுக்குப் பாரிசிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஊர்காவற்றுறைக்குச் சனம் வந்து இறங்கப்போகிறது. மதியச் சாப்பாட்டுக்குக் கணவாய்க் கறியைக் குருசுமுத்துதான் வைக்க வேண்டுமென்று கோயில் சபை ஒரே வாயாகச் சொல்லியிருந்தது. அவரை விட்டால் அடுத்த ஆள் அனலைதீவில் இருக்கிறார். கணவாயைச் செருப்பு வாராக அவிப்பதில் அவர் பெரிய கெட்டிக்காரர்.

கறி போனாலும் போகட்டும். ஏன் போனதென்று ஊருக்குத் தெரிந்தால்? தீவில் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்தால் பேரப்பிள்ளை வரைக்கும் ஒட்டும். பின்தெருவில் ஒரு குடும்பத்தை இன்றைக்கும் ‘பணிஸ் களவெடுத்தவை’ என்றுதான் சொல்கிறார்கள். பணிசைத் தின்றவர் செத்தே நாற்பது வருசம். ‘பூச்சிக் குருசு’ என்று தன் கல்லறையில் பொறித்திருப்பதைக் குருசுமுத்து கண்ணால் கண்டார்.

பூச்சி இருக்கிறதென்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. போன கிழமை சமையல்காரருக்கு நடந்த சுகாதார வகுப்பில் ஜெகதீஸ் பெரிய படமொன்றை விரித்துக் காட்டியிருந்தார். ஒன்று மண்புழுபோல நீளம். இன்னொன்றுக்கு வாயில் கொக்கி. அன்றிலிருந்து விடிய எழும்பியதும் குருசுமுத்துவின் வயிறு கொறகொறவென்று கத்தியது. அது கொக்கியின் சத்தம்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

ஆகவே சுத்தமான வயிறு ஒன்று இரவலாகத் தேவைப்பட்டது. அப்படி ஒரு வயிறு பக்கத்து ஊரான சுருவிலில் இருந்தது. சரவணமுத்து அண்ணை சுத்த சைவம். மூன்று வேளை குளியல். வெளியே ஒரு வாய் தண்ணீர் குடியார். யாருக்காவது வயிறு ஊதினால் வேப்பங்கொழுந்தும் ஓமமும் அவித்துக் குடிக்கச் சொல்லி, “என்னைப் பாரும், ஆசுப்பத்திரி வாசல் மிதிச்சிருக்கிறனோ?” என்று கேட்பார். புகையிலைத் தோட்டத்தில் வெறுங்காலோடுதான் நிற்பார், செருப்புப் போட்டால் நிலத்தின் குளிர்ச்சி உடம்புக்கு வராதாம். மெலிந்து வெளிறிய தேகம். விரதத்தால் வந்த ஒளி என்று ஊர் சொல்லும்.

குருசுமுத்து சைக்கிளை மிதித்துப் போய் அவர் முன்னால் நின்றார்.

“அண்ணை, உங்களட்டை ஒரு சாமான் கேட்டு வந்தனான். நீங்கள் வேண்டாமெண்டு விடுறதுதான்.”

“வாழைத்தோலோ? மாட்டுக்கு வைச்சிட்டன்.”

“இல்லை அண்ணை. வாழைப்பழம் சாப்பிட்டு அடுத்த நாள் விடிய வாறது.”

சொல்லிவிட்டுப் போத்தலை நீட்டினார். சரவணமுத்து அண்ணை அதை வாங்கி, மூடியைத் திருகிப் பார்த்து, பெயரை வாசித்து, வெளிச்சத்தில் பிடித்தார். சைக்கிள் பம்பைத் தூக்கி அடிக்கப் போகிறார் என்று குருசுமுத்து எதிர்பார்த்தார்.

“ஆர் சோதிக்கிறது?”

“யாழ்ப்பாணத்திலை. பூச்சியின்ரை முட்டைகூடத் தெரியுமாம்.”

“முடிவு எழுத்திலை வருமோ?”

“ஓம்.”

“ம். உமக்காகச் செய்யிறன். ஆரிட்டையும் மூச்சு விடப்படாது.”

மனுசன் என்றால் இவரல்லவோ மனுசன் என்று குருசுமுத்துவுக்குக் கண் கலங்கியது.

அடுத்த நாள் விடிய, போத்தலைப் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது நேவிக் காவலரணில் மறித்தார்கள். சந்தோசத்தில் அவர் தேவையில்லாமல் சிரித்தது பிழையாகப் போய்விட்டது.

“மொக்கத மே?” என்று பையைக் காட்டி, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான் நேவிக்காரன்.

“சாம்பிள்,” என்றார் குருசுமுத்து.

எங்கோ ஒரு கடையில் பலகாரச் சாம்பிள் வாங்கிப் பழகியிருந்தானோ என்னவோ, அவன் போத்தலைத் திறந்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். பிறகு மூடியைப் பூட்டிக் கையை நீட்டித் தூரத்தே பிடித்துத் திருப்பிக் கொடுத்தான். அதன் பிறகு அந்த வழியால் குருசுமுத்து எந்தப் பையோடு போனாலும் ஒருவரும் மறிக்கவில்லை.

முடிவு ஒரு கிழமையில் வந்தது.

“அண்ணை, கொக்கிப்புழு,” என்றார் ஜெகதீஸ். “முட்டை எக்கச்சக்கம். நீங்கள் தோட்டம் செய்யிறியளோ?”

குருசுமுத்து வீட்டு முற்றத்தை நினைத்துப் பார்த்தார். “வீட்டிலை ரெண்டு கத்தரிச்செடி நிக்குது.”

“ரெண்டு கத்தரிக்கு இவ்வளவோ! வெறுங்காலோடை மண்ணுக்கை நிக்கிற ஆக்களுக்குத்தான் இது வாறது. இந்த ஆறு குளிசையும் மூண்டு நாளைக்கு. ரெண்டு கிழமையாலை திரும்பச் சோதிப்பம். அதுவரைக்கும் சமையலிலை கை வைக்கப்படாது.”

‘என்னுடையது இல்லை’ என்று சொல்ல வழியில்லை. சொன்னால் யாருடையது என்று வரும், களவும் சேரும்.

வீட்டில் மரியநாயகி செய்தி கேட்டவுடன் கணவனின் கோப்பையையும் கிளாசையும் தனியாக எடுத்து வைத்தாள். குசினி வாசலில் கதிரையைக் குறுக்கே போட்டாள். கடையிலும் அடுப்பைத் தானே பொறுப்பெடுத்தாள்.

“சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கோ.”

“இப்பத்தானேயப்பா கழுவினனான்.”

“திரும்பக் கழுவுங்கோ. முட்டை நகத்துக்கை ஒளிச்சிருக்குமாம்.”

கை ஊறிச் சுருங்கியதுதான் மிச்சம். குருசுமுத்து நேரே சுருவிலுக்குப் போய்ச் சண்டை பிடித்தார்.

“அண்ணை, உங்கடை வயித்திலை பூச்சி!”

“என்ரை வயித்திலையோ? நீர் வழியிலை போத்தலைத் திறந்தனீரோ?”

“நேவிக்காரன் திறந்தவன்.”

“அப்ப அவன்ரை பூச்சி!” என்றார் சரவணமுத்து அண்ணை, சத்தம் போட்டு. “எங்கை, அந்த முடிவுத் துண்டைக் காட்டும்.” கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். “குளிசை தந்தவையோ? எடும் பாப்பம். எத்தினை வேளை?”

“காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. மூண்டு நாள்.”

“உமக்குத்தான் வருத்தமில்லையே. வருத்தமில்லாத உடம்புக்குள்ளை இங்கிலீசு மருந்து போனால் குடல் வெந்துபோம். வைச்சிட்டுப் போம், நான் மண்ணுக்கை தாட்டுவிடுறன்.”

‘எனக்கும் இருக்கும், நான் குடிக்கிறன்’ என்று சொல்லக் குருசுமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. குருசுமுத்துவின் வயிற்றைப் பற்றி இத்தனை நல்ல எண்ணம் வைத்திருக்கிற மனுசனிடம் அதை எப்படிச் சொல்வது? குளிசைகளைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு சாராயப் போத்தல் நிறைய வேப்பங்கொழுந்துக் கசாயத்தோடு வீடு திரும்பினார்.

மூன்று நாள் குடித்தார். மூன்று நாளும் வீட்டுக்குப் பின்னாலேயே குடியிருந்தார். கடைக்கு வந்தவர்கள், “எங்கை குருசு அண்ணை?” என்று கேட்க, மரியநாயகி வீட்டுப் பின்பக்கம் பார்க்க, ஊர் தன் பாட்டில் விளங்கிக்கொண்டது. அனலைதீவுக்காரருக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள் என்றும் ஒரு கதை வந்தது.

இரண்டு கிழமை முடிந்து ஜெகதீஸ் தன் சுகாதாரப் பணிமனையில் மறுபடி போத்தல் தந்தபோது குருசுமுத்து அதைச் சட்டைப் பைக்குள் போடப் பார்த்தார்.

“வீட்டை கொண்டுபோக வேண்டாம் அண்ணை. இந்த முறை இஞ்சையே. அந்தா அறை.”

தப்ப வழியில்லை. பணிமனைக் கக்கூசுக்குள் முக்கால் மணித்தியாலம் இருந்தார். கசாயத்தோடு உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டதோ என்று பயமாகவும் இருந்தது. வெளியே ஜெகதீஸ் இரண்டு தரம் கதவைத் தட்டி, “அண்ணை, உயிரோடை இருக்கிறியளோ?” என்று கேட்டார். கடைசியில் அந்தோனியார் கைவிடவில்லை. பிறந்த நாளிலிருந்து தனக்கே சொந்தமான ஒன்றை முதல் தடவையாகத் தன் பெயரில் கொடுத்துவிட்டுக் குருசுமுத்து வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். குளிசையும் குடிக்கவில்லை. இனி அனலைதீவுக் கணவாய்தான்.

திருநாளுக்கு மூன்று நாள் இருக்க ஜெகதீஸ் கடை வாசலில் சைக்கிளால் இறங்கினார்.

“ஒண்டுமில்லை அண்ணை! ஒரு முட்டைகூட இல்லை. குளிசை நல்லாய் வேலை செய்திருக்கு.”

குருசுமுத்து கடை வாங்குப் பலகையில் அப்படியே இருந்துவிட்டார். குளிசைதான் மண்ணுக்குள் போய்விட்டதே! கசாயத்துக்குப் பூச்சி சாகுமென்றால் சரவணமுத்து அண்ணையின் வயிற்றில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. அப்படியென்றால் தன் வயிற்றில் ஒரு நாளும் ஒன்றும் இருந்ததில்லை. கொக்கியும் இல்லை, கோதாரியும் இல்லை. ஒரு மாதமாகத் தோளில் கிடந்த மூட்டை இறங்கியதுபோல உடம்பு லேசானது.

“அப்ப விடியக் கத்தினது என்னடியப்பா?” என்று மனைவியைக் கேட்டார்.

“பசி. வெறுந்தேத்தண்ணியோடை கடை திறந்தால் வயிறு கத்தாமல் தேவாரம் பாடுமோ?” என்று சொல்லிக்கொண்டே மரியநாயகி கதிரையைக் குசினி வாசலில் இருந்து எடுத்தாள்.

திருநாளன்று மூன்று கிடாரம் கணவாய்க் கறி வழித்துத் துடைத்துப் போனது. கனடாவில் இருந்து வந்தவர்கள் கறியைப் போத்தலில் அடைத்துக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார்கள். போத்தல் என்ற சொல்லைக் கேட்கக் குருசுமுத்துவுக்கு உடம்பு ஒருமுறை கூசியது, மற்றப்படி அன்று முழுக்க அவருடைய கால் நிலத்தில் இல்லை.

பின்னேரம் கிடாரம் கழுவுகிற இடத்துக்குச் சரவணமுத்து அண்ணையின் மனைவி சின்னத்தங்கம் ஒரு பெரிய பூசணிக்காயோடு வந்தாள். “அவர் உமக்குக் குடுத்துவிட்டவர், தம்பி.”

“எனக்கோ? ஏனக்கா? நானல்லோ அண்ணைக்கு நன்றிக்கடன் பட்டனான்.”

அவள் சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நாலு வருசமாய் வயித்துக்குத்தோடை கிடந்த மனுசன், ஊர் சிரிக்குமெண்டு ஆசுப்பத்திரிக்குப் போகாமல் இருந்தவர், உம்மடை பேரிலை சோதிச்சு, உம்மடை குளிசையையும் குடிச்சு, இப்ப இரண்டு கோப்பை சோறு சாப்பிடுறார், அடுத்த வருசம் போத்தல் தந்தவுடனை எனக்கும் ஒருக்கால் சொல்லியனுப்பும்!”