முதலில் வருகிறவர் கேட்டைத் திறக்கவேண்டும்

ஞாயிற்றுக்கிழமையை இனி எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று போன புதன்கிழமை சபதம் செய்தேன். க்ளெனிஸ் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் செய்தேன். சபதம் என்றால் உரக்கச் செய்யவேண்டும் இல்லையா?

வாரத்தில் ஆறு நாள் நான் க்ளெனிஸின் கணவன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் லின்ட்ஸே ட்ரெவின். பக்கத்து வீட்டு எஞ்சோவும் நானும் தடித்த டயர் போட்ட சைக்கிள்களை எடுத்துக்கொண்டு சரளைப் பாதையில் கிளம்பிவிடுவோம். எங்கள் ஊரில் தார் ரோடு முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கும். காடு முடிகிற இடத்தில் டாலன் என்கிற கிடுகிடு பள்ளத்தாக்கு. அதைத் தாண்டினால் ஒரு பேக்கரி. உடம்புக்காக சைக்கிள் விடுகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மையில் பேக்கரிக்காகத்தான். வனிலா ஸ்லைஸ் என்று ஒன்று செய்வார்கள். மொறுமொறு மாவுக்கு நடுவே கஸ்டர்டைத் தலையணை உயரத்துக்கு அடைத்திருப்பார்கள். டாக்டரிடம் போய்வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அதன் பேரைக்கூட எடுக்கக்கூடாது. நான் வாரம் தவறாமல் இரண்டை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேஜையில் குண்டு விழுந்தது.

"ஏங்க, வருஷக்கணக்கா சைக்கிள் விடறீங்க. பேன்ட்டு மட்டும் டைட்டாயிக்கிட்டே போகுதே?"

"அதெல்லாம் தசை க்ளெனிஸ்."

"வயித்துலயா?"

"மலை ஏறும்போது மூச்சு வயித்துலேர்ந்துதானே வருது. அங்கயும் தசை வரத்தான் செய்யும்."

"அப்படியா? அப்ப எனக்கும் கொஞ்சம் வரட்டும். ஞாயித்துக்கிழமை நானும் வரேன்."

என் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"உனக்கு எதுக்கும்மா கஷ்டம்?"

"நீங்க ஒருத்தரே கஷ்டப்படறீங்களே, பார்க்கப் பாவமா இருக்கு."

மறுநாள்தான் அந்தச் சபதம். சபதம் முடிந்த கையோடு வேலியோரம் ஓடினேன். எஞ்சோ தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான்.

"டேய் எஞ்சோ, மோசம் போயிட்டோம். க்ளெனிஸ் வராளாம்!"

"அக்காவா? பேக்கரிக்குமா?"

"அங்கதானேடா மானம் போகப்போகுது!"

எஞ்சோ குழாயை மூடிவிட்டு மோவாயைச் சொறிந்தான். அவன் மோவாயைச் சொறிந்தால் யோசிக்கிறான் என்று அர்த்தம். அது எனக்குக் கெட்ட சகுனம் என்று அன்றைக்குத் தெரியாது.

"ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போ. டாலன் பள்ளத்தாக்குக்கு மேல போகுதே, அந்த மாட்டுத் தடத்துல போ."

"அது அவ்வளவு செங்குத்து இல்லையேடா?"

"செங்குத்தா முக்கியம்? கேட்டுடா, கேட்டு! பண்ணைக்காரங்க வழி நெடுக கேட் போட்டு வெச்சிருக்காங்க. இறங்கு, தொற, மூடு, ஏறு. மறுபடி இறங்கு, தொற, மூடு, ஏறு. மலை ஆளைக் கொல்லாது. கேட்டு கொன்னுடும். அதுக்கப்புறம் சைக்கிள்னு பேச்செடுத்தாலே அக்கா எழுந்து போயிடுவாங்க."

அவனை வேலியோடு சேர்த்துக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. க்ளெனிஸ் வீடு திரும்பியதும் நிபந்தனை போட்டேன்.

"முடியலைன்னா எஞ்சோவுக்குப் போன் பண்ணலாம். பிக்கப் வண்டியோட வந்து ஏத்திக்குவான். ஆனா யார் முதல்ல போன் பண்றாங்களோ அவங்க தோத்தாங்க. நீ பண்ணினா, அப்புறம் என் ஞாயித்துக்கிழமையைப் பத்திப் பேசவே கூடாது."

"நீங்க பண்ணினா?"

"நான் எதுக்குப் பண்ணப்போறேன்?"

"ஒருவேளை பண்ணினா?"

"நீ சொல்றதுதான் சட்டம்."

"இப்பவும் அதுதானேங்க," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஞாயிறு விடிந்தது. நான் உடம்போடு ஒட்டின உடுப்பு போட்டுக்கொண்டேன். பெடலோடு பூட்டிக்கொள்கிற விசேஷ ஷூ போட்டுக்கொண்டேன். க்ளெனிஸ் தோட்ட வேலைக்குப் போடும் பேன்ட்டும் சேறு படிந்த பூட்ஸும் போட்டுக்கொண்டு, மகள் விட்டுப்போன பழைய சைக்கிளில் வந்தாள். எனக்கே பாவமாக இருந்தது. கொஞ்சமாகத்தான்.

முதல் கேட் வந்தது. எங்கள் மலையில் இதற்கு ஒரு முறை உண்டு. கேட்டுக்கு முதலில் வருகிறவர் திறக்கவேண்டும். எல்லாரும் போனபிறகு அவரே மூடிவிட்டு வரவேண்டும். மாடு ஒன்று வெளியே போய்விட்டால் பண்ணைக்காரரே உங்களைத் தேடிக்கொண்டு வருவார். அது நல்லபடியாக முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

நான்தான் முதலில் வந்தேன். வராமல் இருப்பேனா? மார்பை நிமிர்த்தித் திறந்தேன். க்ளெனிஸ் நிற்கவே இல்லை.

"தேங்க்ஸ்ங்க!" என்று வந்த வேகத்திலேயே போய்விட்டாள்.

மூடினேன். ஏறினேன். மூச்சு வாங்கத் துரத்தி, அவளைத் தாண்டி, சிரித்துவிட்டு முன்னால் போனேன். அங்கே இரண்டாவது கேட் நின்றது.

அது கேட் என்று சொல்லிக்கொள்வதோடு சரி. நாலு கம்பும் கொஞ்சம் முள்கம்பியும். ஓரத்துக் கம்பைக் கட்டிப்பிடித்து, தோளால் முட்டி, கம்பி வளையத்துக்குள் திணிக்கவேண்டும். எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் யாரையும் அவ்வளவு இறுக்கிக் கட்டிப்பிடித்ததில்லை.

"தேங்க்ஸ்ங்க! கம்பி கிழிச்சுடப்போகுது, பார்த்து!"

மறுபடியும் துரத்தினேன். அடுத்த கேட் தூரத்தில் தெரிந்ததும் பின்னாலிருந்து மணி அடித்தாள்.

"ஏங்க, களைச்சுப்போயிட்டீங்க. இதை வேணா நான் தொறக்கட்டுமா?"

களைப்பா? நானா? கண்ணை மூடிக்கொண்டு மிதித்தேன். முதலில் போய்ச் சேர்ந்தேன். திறந்தேன்.

"தேங்க்ஸ்ங்க!"

அந்தக் கேட்டை மூடும்போதுதான் மூளை திறந்தது. கேட் அவளைக் கொல்லவேண்டும். இங்கே கேட்டை ஒருவர் தொடக்கூட இல்லை. சரி, அடுத்ததில் மெதுவாகப் போவோம், அவளே முதலில் வரட்டும் என்று முடிவு கட்டினேன்.

மெதுவாகப் போனேன். அவளும் மெதுவாக வந்தாள். இன்னும் மெதுவாகப் போனேன். அவள் வழியோரப் பூவைப் பார்த்தாள். சைக்கிள் ஆமைபோல் ஊர்ந்தது. ஒரு கறுப்பு மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது. கடைசியில் இரண்டு சைக்கிளும் நின்றன. க்ளெனிஸ் ஒரு காலைத் தரையில் ஊன்றினாள். நானும் ஊன்றியிருப்பேன். என் கால்தான் பெடலோடு பூட்டிக்கொண்டிருந்ததே! வெட்டின மரம்போல அப்படியே சாய்ந்தேன்.

"ஐயோ, அடி பட்டுச்சா?"

"இல்ல. நீ போய் கேட்டைத் தொற."

அவள் என் தலைக்கும் கேட்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தாள். தன் சக்கரத்தைப் பார்த்தாள்.

"விழுந்தாலும் முன்னாடிதாங்க விழுந்திருக்கீங்க. நீங்கதான் முதல்ல வந்தது."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"எங்கப்பா பண்ணையில நாங்க நாலு பொண்ணுங்க. கேட்டுக்கு முதல்ல போனா மாட்டிக்குவோம்னு நடை பழகும்போதே தெரியும்."

அதற்குப் பிறகு கேட்டுகள் வந்தன, போயின. அவள் போனாள், நான் வந்தேன். காடு விலகி, பாதை டாலன் பள்ளத்தாக்கின் விளிம்புக்கு ஏறியது. கீழே ஆறு வெள்ளை வெளேரென்று பாறைக்குப் பாறை குதித்துக்கொண்டிருந்தது. தைல மர வாசனை மூக்கைத் துளைத்தது. இறக்கத்தில் க்ளெனிஸ் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து விரித்துக்கொண்டு, "ஹோ!" என்று கத்திக்கொண்டே போனாள். பள்ளத்தாக்கும் திருப்பி "ஹோ!" என்றது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று! தோற்றுக்கொண்டிருப்பதே மறந்துபோய் நானும் கத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், எந்தப் பேக்கரியிலும் அந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை.

சந்தோஷம் அடுத்த ஏற்றம் வரைக்கும்தான். அதன் உச்சியில் இன்னொரு கம்பிக் கேட். திறந்தேன். அவள் போனாள். கம்பைக் கட்டிப்பிடித்து மூடினேன். வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அதைக் கவனிப்பதற்குள் இடதும் பிடித்துக்கொண்டது. கம்பை விட்டால் விழுந்துவிடுவேன். விடாமலே ஒரு கையால் போனை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை போனால் போகட்டும், கால் வேண்டும்.

எஞ்சோவின் நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது, பக்கத்திலிருந்த புதருக்குப் பின்னாலேயே.

புதருக்குப் பின்னால் பிக்கப் வண்டி நின்றது. உள்ளே எஞ்சோ எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"நீ இங்க என்னடா பண்றே?"

"அக்காதான் இங்க நிக்கச் சொன்னாங்க. இந்த ஏத்தத்துக்கு மேல உன்னால முடியாதாம்."

"எப்பச் சொன்னா?"

"செவ்வாய்க்கிழமை." விரலை நக்கிக்கொண்டான். "அக்கா செஞ்ச ஸ்பாஞ்ச் கேக்குடா. வழி சொல்லிக் கொடுத்ததுக்கு."

"இந்த வழி உன் யோசனை இல்லையாடா?"

"உன்கிட்டச் சொன்னது நான். என்கிட்டச் சொன்னது அக்கா."

க்ளெனிஸ் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தாள். என் காலை நீவிவிட்டாள். சண்டை போடவாவது ஒரு காரணம் கொடுக்கிறாளா பாருங்கள்!

"சட்டத்தைச் சொல்லு," என்றேன்.

"இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும் நானும் வருவேன். பேக்கரிக்குப் போகலாம். நான் வனிலா ஸ்லைஸ் சாப்பிடுவேன். நீங்க டீ குடிங்க."

என்னையும் என் சைக்கிளையும் வண்டியில் ஏற்றினார்கள். க்ளெனிஸ் மிதித்துக்கொண்டே கூட வந்தாள். இனி துரத்தவேண்டாம், திறக்கவேண்டாம், மூடவேண்டாம். மெத்தென்ற சீட்டில் காலை நீட்டினேன்.

வளைவு தாண்டியதும் எஞ்சோ வண்டியை நிறுத்தினான். எதிரே கேட். அவன் என்னைப் பார்த்தான்.

"என்னடா?"

"நான் ஓட்டறவன்டா. பக்கத்துல உக்கார்ந்திருக்கிறவன்தானே இறங்கித் தொறக்கணும்."