முழுக்கைச் சட்டையும் மூடிய அட்டையும்

அன்புள்ள மச்சானுக்கு, சோப்புக் கம்பெனி வாசல்காவலன் எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கச்சி, அவள் கோபம் மூவரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் குறட்டையும் நலம்தானே?

கெட்டியான நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து படியுங்கள். எனக்கு விலாவுக்குள் ஒரு கட்டி, புற்றுநோய்தான். "உடம்புல காவலுக்கு ஆளே இல்லையா டாக்டரம்மா?" என்று கேட்டேன், தொழில் புத்தி போகுமா. "இருக்காங்க. ஒவ்வொரு செல்லும் உள்ள என்ன நடக்குதுன்னு வெளியில அடையாள அட்டை மாதிரி காட்டணும். அதைப் பார்த்துத்தான் காவல் செல்லு கெட்டதைப் பிடிக்கும். உங்க கட்டி அட்டையைக் காட்டறதில்ல" என்றார். "கிழிச்சுப் போட்டுடுச்சா?" "இல்லையே, அட்டை செய்யற மரபணு அப்படியே இருக்கு, ஒரு எழுத்துகூட மாறல. மேல மூடி போட்டு அதை வேலை செய்யவிடாம வச்சிருக்கு. மூடியை எடுக்க ஒரு மருந்து, காவலை உசுப்ப இன்னொண்ணு." அட, இது நம்ம பேக்கிங் பிரிவு அக்கா வேலையாச்சே. தாமதமாக வந்தால் அட்டைமேல் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நழுவும். "பையை விலக்குங்க அக்கா" என்றால் போதும், ஆள் மாட்டும். இதைச் சொன்னதும் டாக்டரம்மா சிரித்தார். இப்போது வார்டில் எல்லாருக்கும் அவர் சொல்வது பேக்கிங் அக்கா கதைதான், எனக்கு ஒரு டீகூட வாங்கித் தரவில்லை. மருந்து ஏறினால் மட்டும் தலை கிறுகிறுக்கும். அந்த மயக்கத்தில் மேனேஜரிடமே "அட்டை எங்க?" என்று கேட்டு வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன், மனுஷன் போய் எடுத்துக்கொண்டு வந்தார். ஆனால் கேளுங்கள், நேற்றைய ஸ்கேனில் கட்டி பாதியாகச் சுண்டியிருக்கிறது. சிலருக்குத்தான் கேட்கும் மருந்தாம், எனக்குக் கேட்கிறது.

உங்கள் தங்கச்சியிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள். ஓவர்டைம் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஊசி குத்திய இடம் முழுக்கைச் சட்டைக்குள் பத்திரம். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

உங்கள் தொப்பை வளர, என் கட்டி தேய வாழ்த்தும்,
மாப்பிள்ளை.

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் உங்கள் தங்கச்சி பிடுங்கிப் படித்துவிட்டாள். கட்டி சுண்டிய இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்தாள். "இந்த வெயில்ல முழுக்கை போட்டப்பவே ஆஸ்பத்திரி விஷயம்னு தெரியும். நீங்களா எப்ப காட்டுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்று சொல்லி அவளே சட்டைக் கையை மடித்துவிட்டாள். அடுத்த ஊசிக்குக் கூட வருகிறாள், பஸ்ஸில் ஜன்னல் சீட்டு அவளுக்காம். எனவே மேலே சொன்ன ரகசியத்தை அடித்துவிடுங்கள். முழுக்கைச் சட்டைகளை உங்களுக்கே அனுப்புகிறேன். வயிற்றில் பட்டன் போட முடியாது, கையாவது நுழையும்.