நூத்தித் தொண்ணூத்தஞ்சு கிலோ

கம்பெனி பார்க்கிங்கில் ராக்கையாவின் வண்டி சாய்ந்தபோது அது தனியாகச் சாயவில்லை. பக்கத்து வண்டி, அதற்குப் பக்கத்து வண்டி என்று ஒன்பது வண்டிகளைக் கூட்டிக்கொண்டு சாய்ந்தது. கடைசியில் நின்ற சைக்கிள் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது.

செக்யூரிட்டி மணியன் நாற்காலியை விட்டு எழாமலே எண்ணிப் பார்த்தார்.

"ஏனுங்க ராக்கையா, நேத்து ஆறுதானுங்க?"

"ஸ்டாண்டு நழுவிருச்சுண்ணே."

"வண்டிங்களா இது? டிராக்டர்ல ரெண்டு சக்கரத்தக் கழட்டிட்டு விட்டாப்புல இருக்குதுங்க."

ராக்கையா ஹேண்டில்பாரைப் பிடித்து முக்கினான். அறுந்தது செருப்பு வார்தான். அதற்குள் ஒடிசாக்காரர்கள் நாலு பேர் வந்து, "ஏக், தோ, தீன்" என்று தூக்கி நிறுத்திவிட்டுப் போனார்கள். கூப்பிடவே வேண்டாம். நாலு நாளாக அவர்களுக்கு இதுவும் டியூட்டியில் சேர்ந்துவிட்டது.

ராக்கையாவுக்குத் துணி செக்கிங்கில் வேலை. மில்லிலிருந்து வருகிற துணியில் கட்டரை வைத்து ஒரு திருகு திருகினால் வட்டமாக ஒரு துண்டு வரும். அதைச் சின்னத் தராசில் போட்டுப் பார்ப்பான். எடை நின்றால் நல்ல சரக்கு. நிற்காவிட்டால் ரோலோடு திருப்பி அனுப்பு. பதினாறு வருசமாக இதையே செய்து, தேங்காய் வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் முதலில் கையில் தூக்கிப் பார்க்கிற புத்தி வந்துவிட்டது.

அதனால்தான், இந்த வண்டி வாங்குவதற்கு முன்னால் ராபின் போனில் சொன்னது அவனைக் குத்தியது.

"மாப்பிள்ளை, பெரிய வண்டி ஒண்ணு எடுத்துருக்கேன். இருநூறு கிலோ கிட்ட வரும். உங்க கொசு வண்டியத் தூக்கி இதும்மேல வச்சுக் கொண்டு போகலாம். ஈஸ்டருக்கு வாங்க, காட்டுறேன்."

ராபின் அவன் மனைவி ரோஸ்மேரிக்கு அண்ணன். முதலிபாளையத்தில் பிரிண்டிங் யூனிட் சூப்பர்வைசர். தங்கச்சி ராக்கையாவைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது அஞ்சு வருசம் பேசாமல் இருந்தவன். இப்போது எட்டு வருசமாகப் பேசுகிறான். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொந்தக்காரர்கள் முன்னால், சாப்பிடுகிற நேரம் பார்த்து, ராக்கையாவின் மொபெட்டைப் பேச்சில் இழுப்பான். "கொசு வந்துருச்சா? சத்தம் கேட்டுச்சு." எல்லாரும் சிரிப்பார்கள். ரோஸ்மேரி குனிந்து தட்டைப் பார்ப்பாள். அவள் தலை அப்படிக் குனிவதுதான் ராக்கையாவுக்குப் பொறுக்காது.

ஈஸ்டருக்குப் பத்து நாள் இருக்கும்போது பெருமாநல்லூரில் பழைய வண்டி வியாபாரம் பண்ணுகிற ஆறுமுகசாமியிடம் போனான்.

"இருக்கறதுலயே கனமான வண்டி எதுண்ணே?"

ஆறுமுகசாமி கண்ணாடியைக் கழற்றினார். "மைலேஜு கேப்பாங்க, டயரு கேப்பாங்க. கனம் கேட்ட மொத ஆளு நீங்கதானுங்க."

கறுப்பாக ஒன்றைக் காட்டினார். நூத்தித் தொண்ணூத்தஞ்சு கிலோ.

"நேத்துத்தானுங்க வந்துது. பார்ட்டி ஒரு மாசங்கூட ஓட்டலீங்க."

"ஏன் குடுத்துட்டாரு?"

"அவிய ஊட்ல புடிக்கலீங்களாம்."

ராக்கையா மொபெட்டைக் கொடுத்துவிட்டுப் பெரிய வண்டியில் ஏறினான். கடையை விட்டு வெளியே வருவதற்குள் இரண்டு தடவை சாய்ந்தான். மூன்றாம் தடவை ஆறுமுகசாமியே பிடித்துக்கொண்டு தெருவரைக்கும் வந்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பைபாஸில் ஏறி நாற்பதைத் தாண்டினால் அந்த எடை காணாமல் போய்விடும். லாரி பக்கத்தில் போனாலும் வண்டி ஆடாது. பள்ளம் வந்தால் ஊஞ்சல் மாதிரி அமுங்கி எழும். தொட்டில் கட்டிப் போட்ட பிள்ளையாக ராக்கையா போவான். பிரேக்கைத் தொட்டு வேகம் குறைந்தால்தான் வினை. போன எடையெல்லாம் திரும்பி வந்து இரண்டு முழங்காலிலும் உட்கார்ந்துகொள்ளும்.

"அப்ப நிக்காமலே போக வேண்டியதுதான்" என்றாள் ரோஸ்மேரி.

நிற்காமல் எங்கே போவது? பார்க்கிங்கில் ஒன்பது வண்டி விழுந்த அன்றைக்கே ராக்கையா ஒரு முடிவுக்கு வந்தான். எடையைக் குறைக்க வேண்டும்.

மெக்கானிக் முன்பக்கத்துக் கம்பியைத் தொட்டார். "இந்தக் கார்டக் கழட்டுனா ஏழு கிலோ போயிருங்க."

"அது வேண்டாம். மச்சான் கண்ணுக்குத் தெரியும்."

"பின்னால கேரியரு?"

"அதுவும் தெரியும். பாக்க கனமா இருக்கணும், தூக்க லேசா இருக்கணும்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். துணியில் அப்படி ஒரு சரக்கை மில்காரன் அனுப்பியிருந்தால் ராக்கையாவே அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பான்.

கடைசியில் அடியில் இருந்த சென்டர் ஸ்டாண்டைக் கழற்றினார்கள். இனி சைடு ஸ்டாண்டு ஒன்றுதான். அது மண்ணைக் கண்டால் நழுவியது, சிமென்டைக் கண்டால் வழுக்கியது. வீட்டில் வேப்பமரத்தில் கயிறு போட்டு வண்டியை மாடு மாதிரி கட்டிவைத்தான்.

"தவுடு காட்டவா?" என்று கேட்டாள் ரோஸ்மேரி.

ஈஸ்டர் காலையில் அவனுக்கு இன்னொரு யோசனை வந்தது. டேங்குக்குள் இருக்கிற பெட்ரோல் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? பத்து கிலோவாவது இருக்கும். கேனில் இறக்கினான். போய்ச் சேருகிற அளவுக்கு மட்டும், பழைய மொபெட் குடிக்கிற கணக்கில் விட்டுவைத்தான்.

கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, மடியில் கேக் டப்பாவோடு ரோஸ்மேரி பின்னால் ஏறினாள். ஊத்துக்குளி ரோடு வரைக்கும் வண்டி ராஜா மாதிரி போனது.

"ஏங்க."

"ம்."

"அந்த வண்டில போனா ஊர்க்கதை பூரா பேசிக்கிட்டு வருவீங்க. இதுல ஏறுனதுல இருந்து ஊமையாயிட்டீங்க."

"எடையத் தாங்கிட்டு இருக்கேன்ல."

"நானும் மூணு மைலா உங்க முதுகத்தான் பாத்துட்டு வாறேன்."

அவன் பதில் சொல்வதற்குள் வண்டி இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது. பெட்ரோல் பங்க் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. அதுவும் மேடு. ராக்கையா முன்னால் பிடித்து இழுத்தான். ரோஸ்மேரி பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, டப்பாவை சீட்டில் வைத்து, பின்னாலிருந்து தள்ளினாள்.

"என்னங்க, எடை குறைஞ்சிருக்கா?"

"பேசாம தள்ளு."

மறுபடி வழியில் நிற்கிற வம்பு வேண்டாம் என்று பங்க்கில் ஃபுல் டேங்க் அடித்தான். காலையில் இறக்கிய எடை முழுசும் திரும்ப ஏறிக்கொண்டது.

ராபின் வீட்டுத் தெருமுனையில் ரோஸ்மேரியின் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரை நன்றாக முறுக்கினான். தெருவே திரும்பிப் பார்த்தது. வாசலில் நின்ற ராபினின் முகம் சட்டென்று வெளிறியது. ராக்கையாவுக்கு எட்டு வருசத்துச் சோறு ஒரே நிமிசத்தில் செரித்த மாதிரி இருந்தது.

"இது... எங்க எடுத்தீங்க மாப்பிள்ளை?"

"பெருமாநல்லூர்ல. நூத்தித் தொண்ணூத்தஞ்சு."

இறங்கியதும் ஸ்டாண்டு நழுவியது. ராபின் ஒரே தாவாகத் தாவி, இடுப்பைக் கொடுத்துத் தாங்கி, சுவரோரம் கிடந்த பலகைத் துண்டைக் காலால் இழுத்து ஸ்டாண்டுக்கு அடியில் தள்ளினான். வண்டி அசையாமல் நின்றது. ராக்கையா அசந்துபோனான். பெரிய வண்டி வைத்திருக்கிறவன் பழக்கம் அப்படி என்று நினைத்துக்கொண்டான்.

"உங்க வண்டி எங்க மச்சான்? காட்டுறேன்னீங்க."

"சர்வீசுக்கு விட்ருக்கேன். வாங்க, மொதல்ல சாப்பிடுவோம்."

"மதினி எங்கண்ணே?" என்றாள் ரோஸ்மேரி.

"ஜெசிந்தா தயிர் வாங்கப் போயிருக்கா."

இலை போட்டார்கள். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் இருந்தும் ராபின் கொசு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. அவனே கறியை அள்ளி அள்ளி ராக்கையாவுக்கு வைத்தான். "முதுகு வலிக்குதா மாப்பிள்ளை? தைலம் இருக்கு" என்றுகூடக் கேட்டான். ரோஸ்மேரி தலை நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். அதைப் பார்த்த ராக்கையாவுக்கு, இதற்காக இன்னும் நூறு கிலோகூடத் தூக்கலாம் என்று தோன்றியது.

அப்போது வாசலில் கொசுச் சத்தம் கேட்டது.

ராபின் கையில் கரண்டி நின்றுவிட்டது. சிவப்பு மொபெட் ஒன்றில் தயிர்ப் பாக்கெட்டோடு ஜெசிந்தா வந்து இறங்கினாள். ஒரு கையால் அதை ஓரமாகத் தள்ளி நிறுத்தினாள். வாசலில் நின்ற பெரிய வண்டியைப் பார்த்தாள். அடியில் இருந்த பலகையைப் பார்த்தாள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

"ஏங்க! நம்ம ரெண்டு பேரு சேந்து தூக்குனாலும் நிமிர மாட்டேங்குதுன்னு அழுதுதான இந்தச் சனியன வித்துட்டு மொபெட்டு வாங்குனீங்க, மறுபடியும் எதுக்கு வீட்டுக்குக் கொண்டாந்தீங்க?"