பேரருவிக்குக் காவலர் தேவை

கேட்கும் திறனே மனிதகுலத்தின் மணிமகுடம் என்பதை ஐயம் திரிபற நிலைநாட்டிய பெருமை, 1961-ஆம் வருஷத்து ஆடி மாதத்தில், குற்றாலம் சீசன் பரிபாலனக் கமிட்டிக்குக் கிடைத்தது. அந்த அரும்பணியில் கமிட்டிக்குக் கைகொடுத்தவன் தென்காசித் தளவாய். அவனுக்குக் காது கேட்காது.

பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சல், போகும்போது வெறுங்கையோடு போக மனமில்லாமல் இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நல்லவேளையாகப் பேச்சை மறந்து விட்டுப் போனது. எதிரே நிற்பவரின் உதடு அசைந்தால் போதும், தளவாய் என்னவென்று படித்துவிடுவான். வெற்றிலை போட்ட வாய் மட்டும் அவனுக்குக் கிறுக்கல் கையெழுத்து. தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பதுதான் அவனுக்குத் தெரியாது. "உப்பு கொஞ்சம் குடு" என்றால் தெருவே உப்பு எடுத்துக்கொண்டு வரும்.

வேலை தேடி அவன் ஏறாத படி இல்லை. தென்காசி அரிசி ஆலையில் மேஸ்திரி தெளிவாகச் சொன்னார்.

"இந்தச் சத்தத்துல ரெண்டு வருசம் நின்னா எல்லாவனுக்கும் காது போயிரும்லே. எனக்கே பாதி போயிட்டு. அதுக்காக வரும்போதே செவிடா வந்தா எப்படி? எதுக்கும் ஒரு முறை வேண்டாமா?"

புளியறையில் லாரிக்குச் சுமை ஏற்றப் போனான். "பின்னால லாரி வந்து ஹாரன் அடிச்சா என்னலே செய்வே?" என்றார் முதலாளி.

"திரும்பிப் பாத்துக்கிடுவேன் அண்ணாச்சி."

"பாரு, இப்பமே எதிர்த்துப் பேசுதான்!"

பேரருவிக்குப் பக்கத்து டீக்கடையில்தான் அவனுக்கு மரியாதை. அருவி இரைச்சலில் அங்கே ஒருவர் பேச்சும் ஒருவருக்குக் கேட்காது. சர்க்கரை கம்மியா, ஸ்ட்ராங்கா என்று உதட்டைப் பார்த்தே போட்டுக் கொடுப்பவன் தளவாய் ஒருவன்தான். ஆனால் சீசன் மூன்று மாதம். மிச்சம் ஒன்பது மாதம் மனைவி ஆவுடைத்தாய் பீடி சுற்றினாள். அவளுக்கு இப்போது ஏழாம் மாதம்.

அப்போதுதான் கமிட்டியின் விளம்பரம் வந்தது. பேரருவிக்குக் காவலர் ஒருவர் தேவை. நிரந்தரம். பன்னிரண்டு மாதமும் சம்பளம். கடமை: தண்ணீரைக் கவனித்துக்கொண்டே இருப்பது; நிறம் மாறி வெள்ளம் வரும்போலத் தெரிந்தால் விசில் ஊதிக் குளிப்பவர்களை வெளியேற்றுவது.

"ஏங்க, உங்களுக்குன்னே எழுதுன மாதிரில்லா இருக்கு!" என்றாள் ஆவுடைத்தாய். "தண்ணியப் பாக்கதுக்குக் காது எதுக்கு? இந்த வேலை மட்டும் வந்துட்டுன்னா பிள்ளை பொறக்கும்போது நான் கையில பீடி முறத்தோட இருக்க வேண்டாம்."

கமிட்டி அவனை நேர்முகத்துக்கு அழைத்ததற்கு இரக்கம் காரணமல்ல. கமிட்டி அப்படிப்பட்ட பலவீனங்களுக்கு இடம் கொடுப்பதில்லை. 'அங்கஹீனர்களை ஊக்குவிக்கவும்' என்று மேலேயிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது.

நேர்முகம் தென்காசி ஆபீசில் நடந்திருக்க வேண்டும். ஆனால் கமிட்டித் தலைவர் குத்தாலிங்கத்துக்கு அன்று எண்ணெய்க் குளியல். எனவே 'பொதுமக்கள் நலன் கருதி' பேரருவிக் கரைக்கே நேர்முகம் இடம்பெயர்ந்தது. தலைவர் இடுப்பில் ஒரு துண்டோடும் உடம்பெல்லாம் எண்ணெயோடும் ஒரு பாறைமேல் வீற்றிருந்தார். செயலாளர் ஏசுவடியான் ஒரு கையில் குடையும் மறு கையில் பைலுமாக நின்றார். அருவி தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. அதாவது, பக்கத்தில் குண்டு வெடித்தாலும் கேட்காது.

வந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் தளவாய். இன்னொருவன் வீரபாகு. இவனுக்கு இரண்டு காதும் உண்டு. ஒன்றில் கடுக்கனும் உண்டு. தலைவர் செயலாளரின் காதருகே குனிந்து ரகசியம் பேசினார். அருவிக் கரையில் ரகசியம் பேசுவதென்றால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். பத்தடி தள்ளி நின்ற தளவாய் சிரமமில்லாமல் படித்தான்.

"வீரபாகு என் சம்சாரத்தோட சித்தப்பா மகன்வே. அவனுக்குத்தான்னு வீட்டுல சொல்லியாச்சு. சும்மா ரெண்டு கேள்வி கேட்டு முடிச்சிரும்."

படித்த பிறகும் தளவாய் நகரவில்லை. கேள்வி கேட்கட்டும், நம் பதிலைப் பார்த்தாவது மனசு மாறும் என்று நின்றான். அத்தனை அடி பட்டும் அவனுக்கு ஆபீசர்கள்மேல் நம்பிக்கை போகவில்லை. இதை மருத்துவர்கள் ஏன் ஊனத்தில் சேர்க்கவில்லை என்பது தெரியவில்லை.

முதலில் வீரபாகு.

"வெள்ளம் வந்தா என்ன செய்வே?"

"ஆமா அத்தான்... ஸார்!"

"ஆள் எவனாவது முழுகுனா?"

"ரொம்ப சந்தோசம் ஸார்!"

வீரபாகுவுக்குக் கேள்வி கேட்கவில்லை. ஏசுவடியானுக்குப் பதில் கேட்கவில்லை. 'திருப்தி' என்று எழுதிக்கொண்டார்.

அடுத்து தளவாய். "தண்ணி எப்படி இருந்தா ஆபத்து?"

"செம்மண் கலங்கி வரும்யா! சருகும் குச்சியும் மேல மிதந்து வரும். அதுக்குப் பெறவு அஞ்சு நிமிசம் தாங்காது!" அந்த இரைச்சலுக்கு அளவெடுத்துச் செய்த குரல். செயலாளர் திடுக்கிட்டுக் குடையைக் கீழே போட்டார். அன்று காலையிலிருந்து அவருக்குத் தெளிவாகக் கேட்ட முதல் வாக்கியம் அதுதான்.

"ஊக்கமா இருக்கியாலே?" என்றார் தலைவர்.

"இருக்கேன்யா."

சுற்றறிக்கை நிறைவேறியது. 'ஊக்குவிக்கப்பட்டார்' என்று பைலில் ஏறியது.

அதோடு முடித்திருக்கலாம். ஆனால் ஏசுவடியான் சட்டம் படித்தவர். "அண்ணாச்சி, செய்முறைத் தேர்வுன்னு ஒண்ணு விளம்பரத்துல போட்டுருக்கோமே!" என்றார். தலைவர் சலித்துக்கொண்டு சம்மதித்தார். குளிப்பவர்களை வெளியேற்றிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். தேர்வு நடக்கும்போதே குளித்துவிடலாமென்று அவர் அருவிக்குள் போனார்.

வீரபாகு விசிலை வாயில் வைத்து ஊதினான். கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, கடுக்கன் ஆடியது. ஒருவர் திரும்பவில்லை. குளித்துவிட்டு வந்த ஒரு பெரியவர் மட்டும் நின்று பார்த்து, "பாவம், பல்வலி போல. கிராம்பு வையி தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தளவாய் விசிலைத் தொடவில்லை. பாறைமேல் ஏறினான். தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து நாலு வீசு வீசினான். கூட்டம் பார்த்தது. இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி, மலையே சரிவதுபோல் கீழே இறக்கினான். அப்புறம் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் செருகி, தலையைத் தோளில் சாய்த்துச் செத்துக் காட்டினான்.

ஒரே நிமிஷம். ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் காலி. மரத்துக் குரங்குகள் இன்னும் இரண்டு கிளை மேலே ஏறிக்கொண்டன. எல்லாருக்கும் முன்னால், தேர்வு வைத்த தலைவரே ஓடிக்கொண்டிருந்தார். தேர்வு என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. துண்டும் மறந்துபோயிருந்தது. கடைத்தெரு முடிகிற இடத்தில், எண்ணெய் வழியும் கோவணத்தோடு, ஒரு பலாப்பழ வண்டிக்குப் பின்னாலிருந்து அவரை மீட்டு வந்தார்கள்.

மறுநாள் கமிட்டி கூடி முடிவெடுத்தது. 'திரு. வீரபாகு ஊதிய விசிலால் பொதுமக்களில் ஒருவருக்கும் எவ்விதத் தொந்தரவும் ஏற்படவில்லை. தளவாய் என்பவரோ வீண் பீதியைக் கிளப்பியதுடன், தலைவர் அவர்களின் துண்டு காணாமற்போகவும் காரணமாயிருந்தார். மேலும் அவருக்குக் காது கேட்காது. இவ்வளவு சத்தம் உள்ள இடத்தில் இப்படிப்பட்டவரை நியமிப்பது உசிதமன்று.' வீரபாகு காவலரானான்.

பத்தாம் நாள், சாரல் வலுத்திருந்த ஒரு காலையில், தலைவரும் செயலாளரும் டீக்கடைக்கே வந்தார்கள். தலைவர் தளவாயின் தோளில் கை போட்டார்.

"ஏலே, வீரபாகு ஊதுனா ஒருத்தனும் திரும்பக்கூட மாட்டேங்கான். நாளைக்கே வெள்ளம் வந்து நாலு பேரு போயிட்டா என் தலைல்லா உருளும்? நீ அவன் பக்கத்துல நின்னுக்கோ. அவன் ஊதும்போது நீ துண்டை வீசு. சம்பளம் அவனுக்கு எழுதியாச்சு, மாத்த முடியாது. உனக்கு 'கௌரவ அருவிக் காவலர்'னு ஒரு பட்டம் குடுத்துருதோம். என்ன சொல்லுதே?"

தளவாய் ஒரு எழுத்து விடாமல் படித்தான். வெற்றிலைகூடப் போட்டிருக்கவில்லை அந்த வாய்.

"கேக்கலையேய்யா" என்றான்.

தலைவர் மறுபடியும் சொன்னார். நரம்பு புடைக்கச் சொன்னார்.

"எனக்குக் காது கேக்காதுல்லாய்யா. நீங்கதான தீர்மானம் போட்டீங்க? இப்பம் சொன்னதையும் ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. என் பொண்டாட்டிகிட்ட காட்டணும்."

ஏசுவடியான் பைலைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார். அருவி இரைச்சலை மீறி, கடமை உணர்ச்சியோடு கத்தினார்:

"என்னன்னு எழுதட்டும் அண்ணாச்சி? 'வேலை இவனுக்கு, சம்பளம் உங்க மச்சானுக்கு'ன்னு எழுதிரட்டுமா?"

தலைவருக்கு முகம் வெளுத்தது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெல்லப் பேசும்வே! எவன் காதுலயாவது விழுந்துறப் போகுது!"

தளவாய்க்கு அது மட்டும் நன்றாகக் கேட்டது.